சாயத்துக்கு வந்த பூச்சி

ஆரணிப் பட்டுக் கடையில் யாராவது “அரக்கு கலர்ல காட்டுங்க” என்று கேட்டால், கடைக்காரர் யோசிக்காமல் ஒரு அடர்சிவப்புச் சேலையை எடுத்து விரிப்பார். அந்தச் சிவப்பு இன்று ரசாயனச் சாயம்தான். ஆனால் பெயர் ஒரு பூச்சியிடமிருந்து வந்தது. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியின் சுரப்புதான் அரக்கு. செயற்கைச் சாயங்கள் வரும்வரை பட்டுக்குச் சிவப்பேற்ற அதையும் பயன்படுத்தினார்கள்.

அந்தப் பூச்சிக்கு அமெரிக்காவில் ஒரு தூரத்து உறவு உண்டு. அதன் பெயர் கொச்சினீல். சிவப்புச் சாயத்துக்காகத்தான் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாயத்தில் அது தோற்றது. ஆனால் ஒரு முட்செடியை நம் நிலத்திலிருந்து கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது.

இந்தக் கதை இப்போது எதற்கு? வீட்டு முன்னால் புல்தரை வளர்க்கிற எல்லோருக்கும் ஒரே கனவு. அருகம்புல் பிழைக்கணும், கோரையும் நெருஞ்சியும் சாகணும், விஷ மருந்து கூடாது. வினிகர் தெளித்தால் படுகிற இலையெல்லாம் கருகும். அதற்குக் களை, புல் என்ற வித்தியாசம் கிடையாது. உப்பு போட்டால் மண்ணே கெடும். வெளிநாடுகளில் விற்கும் இரும்புக் கரைசல், அகன்ற இலைக் களைகளைக் கருக்கிவிட்டுப் புல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கும் கோரையிடம் அது பலிக்காது. ஒன்றை மட்டும் கொன்று மற்றதை விட்டுவைக்கும் இயற்கை மருந்து அவ்வளவு அரிது. அது கச்சிதமாக வேலை செய்த ஒரு சந்தர்ப்பம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுவும் ஒரு தவறிலிருந்து தொடங்கியது.

18ஆம் நூற்றாண்டில் உலகின் விலையுயர்ந்த சிவப்பு மெக்சிகோவின் வஹாகா பகுதியிலிருந்து வந்தது. கள்ளி மட்டைகளில் கொச்சினீலை வளர்த்து, காயவைத்துப் பொடியாக்கிச் சாயம் எடுத்தார்கள். ஒரு பவுண்டு சாயப்பொடிக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். பட்டிலும் கம்பளியிலும் அந்த நிறம் அப்படியே பிடிக்கும். வணிகம் முழுக்க ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அதை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி துடித்தது.

மதராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். 1786இல் சென்னைப் பக்கத்துப் புல்லில் ஒரு சிவப்புப் பூச்சியைக் கண்டு, இதுதான் கொச்சினீலோ என்று லண்டனுக்கு, ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அது கொச்சினீல் இல்லை. ஆனாலும் மனுஷன் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தார். மதராஸ் மாகாணத்தில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கவும் இதே ஆண்டர்சன்தான் முயன்றார். பட்டையும் அதற்கான சிவப்பையும் இங்கேயே உண்டாக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது மெக்சிகோவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த சாயப்பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. வெள்ளைப் பஞ்சு போல மெழுகு போர்த்தியிருக்கும், சாயம் குறைவு, தரமும் மட்டம். வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் பூச்சிக்கு இந்தியா பிடித்துப்போனது. ஐரோப்பியக் கப்பல்கள் வழியே வந்த சப்பாத்திக்கள்ளி ஏற்கெனவே இங்கே பரவியிருந்தது. புதுச்சேரியைச் சுற்றியிருந்த எல்லை வேலியில்கூடக் கள்ளி இருந்தது. வேலிக்கு நட்டது வயலுக்கும் மேய்ச்சலுக்கும் தாவியது. வெட்டிப்போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வட இந்தியாவில் இந்தப் பூச்சி போன இடமெல்லாம் கள்ளி அழிந்தது. அதைப் பார்த்து 1836–38இல் வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இம்முறை யாரும் சாயத்தைப் பற்றிப் பேசவில்லை. 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்ததில் உலகின் முதல் வெற்றி இதுதான் என்று அத்துறை வரலாறுகள் சொல்கின்றன.

ஒரு விஷயம் பாருங்கள். இந்தப் பூச்சி ஒப்புன்ஷியா மொனகாந்தா என்ற கள்ளியைத்தான் தின்றது. பக்கத்திலேயே நின்ற டில்லெனி என்ற இன்னொரு சப்பாத்திக்கள்ளியைச் சீந்தவே இல்லை. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதற்கு இல்லை. காலியான இடத்திலும் டில்லெனி பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தை வரவழைத்துவிட்ட பிறகுதான், சில ஆண்டுகளில் அதுவும் அடங்கியது. கோயம்புத்தூரில் பூச்சியியல் அறிஞராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1931இல் இந்தப் பூச்சிகளைப் பற்றி எழுதினார்.

இதை வெற்றிக் கதையாகவே முடித்துவிடலாம். ஆனால் பஞ்சத்தில் அந்தக் கள்ளிப் பழத்தைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு. முள்ளைத் தீயில் பொசுக்கி மட்டையை மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அது களையா?

மடகாஸ்கரில் இந்தக் கேள்விக்குப் பதில் கொடூரமாக வந்தது. தீவின் வறண்ட தெற்கில் அந்தாந்த்ரோய் மக்கள் கள்ளியை நம்பி மாடு வளர்த்தார்கள். கோடையில் மாட்டுக்குத் தீனி, மனிதருக்குப் பழம், வீட்டுக்கு வேலி எல்லாம் அதுதான். 1924இல் பிரெஞ்சு ஆட்சியில் கொச்சினீல் விடப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளி போனது, மாடுகள் செத்தன, பஞ்சம் வந்தது. 2014 முதல் மொராக்கோவில் இன்னொரு கொச்சினீல் கள்ளித் தோட்டங்களை அழித்துவருகிறது. 1926இல் நாம் வரவழைத்த அதே இனம். அங்கே கள்ளிதான் பயிர்.

பூச்சி எந்த ஊரிலும் தவறு செய்யவில்லை. அதற்குத் தெரிந்த செடியைத்தான் தின்றது. எது களை என்ற முடிவை மட்டும் அது எடுக்கவில்லை. அதை எடுத்தது மனிதர்கள், பெரும்பாலும் அந்தச் செடியோடு வாழாதவர்கள். அருகம்புல்லையே பாருங்கள். வயலில் அது களை, புல்தரையில் பயிர், பிள்ளையாருக்கு மாலை.

இன்று தமிழ்நாட்டில் சீமைக் கருவேலத்தை ஒழிக்கணும் என்கிறோம். நிலத்தடி நீரையும் மேய்ச்சலையும் நினைத்தால் காரணம் நியாயமானதுதான். ஆனால் ராமநாதபுரத்தில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுச் சோறு தின்னும் குடும்பங்கள் இருக்கின்றன. நாளைக்கு அதை மட்டும் தின்னும் பூச்சி ஒன்றை யாராவது கண்டுபிடித்து வந்தால், அதைத் திறந்துவிடும் முன்னால் அந்தக் குடும்பங்களிடம் யார் போய்க் கேட்பார்கள்?