நஞ்சும் அதன் மாற்றும்: இலங்கைப் பயிர்ச்செய்கை வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கையின் பயிர்ச்செய்கை வரலாற்றை எழுதியோர் குளங்களையும் அணைக்கட்டுகளையும் பற்றி விரிவாகப் பேசியுள்ளனர். நிலவுடைமை, பெருந்தோட்டம், குடியேற்றத் திட்டம் ஆகியனவும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. ஆனால் பயிரை அழிக்கும் பூச்சியும் அதனோடு போட்டியிடும் களையும் வரலாற்றுப் பொருளாகக் கொள்ளப்பட்டமை குறைவே. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி ஓர் ஆணையால் நிறுத்தப்பட்டபோது, இக்குறையின் விலை எத்துணைப் பெரிதென்பது வயலிலும் சந்தையிலும் புலனாயிற்று. அவ்வாணை அவ்வாண்டு நவம்பரிலேயே மீளப்பெறப்பட்டது. அதன்பின்னர் இரு கருத்துக்கள் நம்மிடையே வலுப்பெற்றுள்ளன. இயற்கை மாற்று என்பது வெறுங்கனவு என்பது ஒன்று. முன்னோர் முறைக்கு மீண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நம் நாட்டின் நூற்றைம்பது ஆண்டுக்கால அனுபவத்துக்கு மாறானவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் முறைகளை முதலில் நோக்குவோம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையும் வேப்பங்குழையும் தாழ்த்து, ஆடுமாடுகளைப் பட்டியடைத்து மண்ணை வளப்படுத்தினர். வயற்செய்கையில் சேற்றுழவும், மட்டப்படுத்திய வயலில் நிறுத்திய நீரும், மகளிரின் கைக்களைபிடுங்கலுமே களைக்கு மருந்தாக அமைந்தன. நீர் நிற்கும் வயலில் பெரும்பாலான களைகள் முளைப்பதில்லை என்பதை உழவர் நூலறிவின்றியே அறிந்திருந்தனர். இம்முறைகள் பயனுடையனவே. ஆயினும் அவை அவ்வவ்விடத்துப் பயிருக்கும், அன்றிருந்த ஆட்பலத்துக்கும் ஏற்ப உருவானவை என்பது மனங்கொள்ளத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டின் காடுகள் அழிக்கப்பட்டு ஒரே பயிர் மலைக்கு மலை பரப்பப்பட்டபோது, அம்முறைகளின் எல்லை கடக்கப்பட்டது. 1869 இல் இனங்காணப்பட்ட கோப்பித் துருநோய் இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தொழிலையே சாய்த்தது. 1880 இல் இங்கு வந்து அந்நோயை ஆராய்ந்த மார்சல் உவாட் என்னும் அறிஞர், ஒரே பயிரை இடையீடின்றிப் பரப்பியமையே நோய் பெருகுதற்கு வழிவகுத்ததென்பதை உணர்த்தினார். நோயின் இயல்பை அவர் விளக்கியபோதிலும் கோப்பியைக் காத்தல் இயலாதாயிற்று. பீடையென்பது பயிரிடும் ஒழுங்கிலிருந்து பிறப்பதாகையால், மருந்தை மட்டும் தேடுதல் போதாதென்பதற்கு இது முதற் சான்றாகும்.

மறுபுறத்தில், உயிரைக்கொண்டு உயிரைக் கட்டுப்படுத்தும் முறையின் உலக வரலாற்றில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நாகதாளி நமது வறண்ட பகுதிகளிலும் தென்னிந்தியாவிலும் புதராக மண்டியிருந்தது. 1795 இல் செஞ்சாயந் தரும் பூச்சியெனக் கருதி ஒரு செதிற்பூச்சி பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது உயர்ந்த சாயந் தரும் இனமன்று. ஆயின் நாகதாளியின் ஓரினத்தை உண்டு அழிக்கும் ஆற்றல் அதற்கிருந்தது. 1830 களில் அப்பூச்சி தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பப்பட்டது. 1860 களில் அங்கிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்டது. ஒரு களையை அழிக்கவென அதன் பகையுயிரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எடுத்துச்சென்ற முதல் நிகழ்ச்சியாக இதனை ஆய்வாளர் குறிப்பிடுவர்.

எனினும் நாகதாளியின் பிறிதோரினம் அப்பூச்சியால் தீண்டப்படாது எஞ்சிநின்றது. அதற்கேற்ற வேறொரு செதிற்பூச்சி இனம் 1924 இல் இங்கு கொண்டுவரப்பட்டு வெற்றி தந்தது. 1926 இல் இப்பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்று, அங்கும் பரந்த நிலத்தை விடுவித்தது. முன்னர் பெற்ற உதவிக்கு இது கைம்மாறாயிற்று. ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கள்ளிகளுக்கு இரு வேறு பூச்சிகள் தேவைப்பட்டமையாகும். பல களைகளை ஒருங்கே கொல்வது நஞ்சின் இயல்பு. இயற்கை மாற்றோ ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொன்றாகத் தேடப்படவேண்டியது.

தேயிலையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். தளிரிலைகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்து உண்ணும் இலைசுருட்டிப் புழு, தோட்டங்களுக்குப் பெரும் பீடையாக இருந்தது. இலைகளிலுள்ள முட்டைத் திரள்களைத் தொழிலாளர் கையாற் பொறுக்குவதே நெடுங்காலம் கையாளப்பட்ட பரிகாரமாகும். 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1935-36 இல் சாவகத் தீவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டது. இப்புழுவின் உடலுள் முட்டையிட்டுப் பெருகும் அக்குளவி நிலைகொண்டபின், புழுவின் தொல்லை பெரிதும் தணிந்தது. அதன்பின்னர் ஆண்டுதோறும் அக்குளவி செய்துவந்த வேலைக்குக் கூலியும் இல்லை. எவருடைய கணக்குப் புத்தகத்திலும் அது பதியப்படவும் இல்லை.

பதியப்படாத இவ்வுதவியே பின்னர் மறக்கப்பட்டது. தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் சிறுவண்டை ஒழிக்கும் பொருட்டு 1950 களின் பிற்பகுதியிலிருந்து டீல்திரின் என்னும் நஞ்சு தெளிக்கப்படலாயிற்று. கிளையினுள் மறைந்து வாழும் வண்டைக் கொல்லவந்த நஞ்சு, வெளியே பறந்து திரிந்த குளவியையும் கொன்றது. ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகித் தேயிலையைத் தாக்கியது. ஒரு பீடைக்கு இட்ட மருந்து மற்றொரு பீடையைப் பிறப்பித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இயற்கை மாற்றைத் தேடுதல் ஒரு பணியாயின், நம்மிடம் ஏற்கெனவே உள்ள மாற்றை அறிந்து காத்தல் அதனினும் முற்பட்ட பணியாகும்.

தெங்குப் பயிரில் இப்பாடம் ஓரளவு கைக்கொள்ளப்பட்டது எனலாம். 1970 இல் கொழும்பை அண்டிய பகுதிகளில் தென்னோலையைக் குடைந்துண்ணும் புதியதொரு வண்டு கண்டறியப்பட்டது. தென்கிழக்காசியாவிலிருந்து தன் பகைவரை விட்டுவந்த அவ்வண்டுக்கு இங்கு எதிரி இல்லை. தேடலின் பயனாகச் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி 1971 இல் தருவிக்கப்பட்டுப் பெருந்தொகையாக வளர்த்து விடப்பட்டது. சில ஆண்டுகளுள் வண்டு கட்டுப்பட்டது. நோய் சிறிதாக இருந்தபோதே அடையாளங் காணப்பட்டமையும், அதனை ஆராயப் பயிற்சிபெற்றோர் நாட்டில் இருந்தமையும் இவ்வெற்றிக்குக் காரணங்களாம்.

களையைப் பொறுத்தவரையில் சல்வீனியாவின் கதை நம்மனைவர்க்கும் அறிவுறுத்தலாக அமைகின்றது. 1939 இல் தாவரவியற் கல்வியின் பொருட்டு இங்கு கொணரப்பட்ட இந்நீர்ச்செடி, கட்டுமீறிப் பரவிக் குளங்களையும் வாய்க்கால்களையும் நெல்வயல்களையும் மூடியது. ஆட்களைக்கொண்டு அள்ளியும், நஞ்சு தெளித்தும் அதனை ஒழிக்க இயலவில்லை. எஞ்சிய சிறு துண்டிலிருந்தும் அது மீண்டும் தழைத்தது. உலகின் பிற நாடுகளிலும் இதே நிலைமை காணப்பட்டது. நீண்டகாலம் இச்செடி வேறோர் இனமெனப் பிழையாக அடையாளங் காணப்பட்டிருந்தமையால், பகைப்பூச்சிக்கான தேடலும் பிழையான இடங்களிலே நிகழ்ந்தது. அவ்வாறு பெறப்பட்ட பூச்சிகள் ஆபிரிக்காவில் விடப்பட்டும் போதிய பயன் தரவில்லை. 1972 இல் இது தனியினமென விவரிக்கப்பட்டது. 1978 இல் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசிலெனக் கண்டறியப்பட்டது. அங்கு கிடைத்த மிகச்சிறிய நீள்மூக்கு வண்டு 1980 இல் அவுத்திரேலியாவில் மூண்டரா ஏரியில் விடப்பட்டபோது, ஏறத்தாழ 200 எக்டேர் பரப்பிலிருந்த களை ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் அழிந்தது. அவ்வண்டே 1986 இல் இலங்கைக்கு வந்தது. சில ஆண்டுகளுள் பல நீர்நிலைகள் தெளிந்தன. இங்கு நடைபெற்ற அம்முயற்சியை மதிப்பிட்ட பொருளியல் ஆய்வொன்று, செலவிட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை விளைந்ததெனக் கணித்தது.

இதே வண்டு பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப்பகுதியில் முதலில் பெருகவில்லை. அங்குள்ள செடியில் நைதரசன் குறைவாக இருந்தமையே காரணமெனக் கண்ட ஆய்வாளர், சிறிதளவு யூரியாவை இட்டுச் செடியை ஊட்டினர். வண்டு பெருகிக் களையை அழித்தது. இரசாயன உரத்தின் துணைகொண்டு இயற்கைக் கட்டுப்பாடு நிலைநாட்டப்பட்டது. இயற்கை, செயற்கை என்னும் பிரிவைச் சமயக் கொள்கைபோற் கைக்கொள்வோர் சிந்திக்கவேண்டிய நிகழ்ச்சி இதுவாகும்.

இவ்வெற்றிகளால் நஞ்சின் ஆட்சி குறைந்ததென எண்ணுதல் தவறு. உயர்விளைச்சல் நெல்லினங்கள் பரவிய காலத்தில் பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் குடிசை தோறும் புகுந்தன. அங்கே அவை பூச்சியை மட்டும் கொல்லவில்லை. வறுமையும் கடனும் மனத்துயரும் சூழ்ந்த கணத்தில் கைக்கெட்டிய நஞ்சு எண்ணற்ற உயிர்களைப் பறித்தது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர்; இது அந்நாளில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாகும். 1980 ஆம் ஆண்டின் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1984 இல் பரதியனும், 1995 இல் மிகு நஞ்சுடைய எஞ்சிய மருந்துகளும், 1998 இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரையில் பரக்குவாற் உள்ளிட்ட மேலும் மூன்று படிப்படியாக நீக்கப்பட்டன. இருபதாண்டுக் காலத்தில் உயிர்மாய்ப்பு வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. இத்தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே தடையென்பதே உழவுக்குப் பகையென்னும் வாதம் நிலைபெறாது. ஒவ்வொரு நஞ்சும் தனித்தனியே ஆராயப்பட்டு, அதன் தொழிலைச் செய்யக்கூடிய தீங்கு குறைந்த வழி உண்டெனக் கண்டபின் நீக்கப்பட்டமையே இத்தடைகளின் சிறப்பாகும்.

இந்தோனேசியாவின் அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தி, பூச்சிநாசினி தெளிக்கத் தெளிக்கப் பெருகியது. அதனை உண்ணும் சிலந்தி முதலியன மடிந்தமையே காரணம். 1986 இல் நெல்லுக்கு 57 பீடைநாசினிகள் அங்கு தடைசெய்யப்பட்டன. 1989 முதல் வயலையே வகுப்பறையாகக் கொண்ட உழவர் பாடசாலைகள் நடத்தப்பட்டன. நஞ்சு நீங்கிய இடத்தில் உழவரின் கண்ணும் அறிவும் வைக்கப்பட்டன.

இலங்கையிற் களைநாசினிக்கு நேர்ந்ததோ வேறு. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தின் காரணமாகக் கிளைபோசேற் 2015 இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. நோய்க்கும் அதற்குமுள்ள தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லையெனினும், அச்சம் பொருளற்றதென்று கூறுவதற்கில்லை. ஆயின் மாற்று எங்கே இருந்தது? தேயிலைச் சரிவுகளில் சுரண்டியாற் களையெடுத்த பழைய முறை மேல்மண்ணை மழையோடு அனுப்பியது. கையாற் பிடுங்குவதற்கோ ஆட்கள் குறைந்துவிட்டனர். களைநாசினிக்கு மாற்று மனிதக் கையேயெனின், அக்கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்பதையும் உடன் கேட்கவேண்டும். மலையகத் தொழிலாளரின் குனிந்த முதுகை இயற்கை முறையென அழைத்துவிடுதல் அறமாகாது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. 2022 இல் தடையே நீக்கப்பட்டது. ஏழாண்டுகள் கழிந்தும் மூடுபயிர், பத்திரக்கலவை இடல் முதலிய வழிகள் தோட்டங்களில் பரவலாக வேரூன்றவில்லை.

2021 இல் அதே பிழை பேரளவில் நிகழ்ந்தது. வேம்பை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அசாடிரக்றின் என்னும் பொருள் பூச்சியின் உணவையும் வளர்ச்சியையும் தடுப்பதென்பது நிறுவப்பட்ட உண்மை. ஆயின் வெயிலில் அது விரைவிற் சிதையும். கண்ட பூச்சியை உடனே வீழ்த்தும் நஞ்சுமன்று. ஆதலால் மாலையில், புழு சிறிதாயிருக்கும்போதே, மீண்டும் மீண்டும் தெளிக்கவேண்டும். பயிரை நாள்தோறும் நோக்கும் உழவனுக்கு அது பயன்தரும். போத்தலைத் திறந்து தெளிக்க மட்டுமே பழக்கப்பட்டவனிடம் ஒரே இரவில் அதனைக் கொடுத்தல் அவனைக் கைவிடுவதாகும். விளைச்சல் வீழ்ந்தபோது இழந்தவன் ஆணையிட்டவனல்லன், உழவனே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நஞ்சுக்கு மாற்றென்பது மற்றொரு திரவமன்று. குறித்த ஓர் உயிரைப் பற்றிய குறித்த அறிவே என்பது பெறப்படும். அவ்வறிவு சல்வீனியாவில் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளையும், தெங்கில் சில ஆண்டுகளையும் வேண்டிநின்றது. இவ்வேறுபாட்டுக்கு ஆராய்ச்சியின் ஆயத்தமே பெரிதும் காரணமாகும். இனங்காணும் தாவரவியலாரும் பூச்சியியலாரும், தம் நிலத்தை அறிந்த உழவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் நாட்டில் தடைகள் வந்துகொண்டேயிருக்கும், மாற்றுகள் வாரா. நம்முட் பலர் வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தேயிலை மலையிலிருந்தும் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். நம் ஊர்களில் எந்தப் பூச்சியை எந்தப் பூச்சி உண்கின்றது என்பதைத் தமிழில் எழுதிவைக்கும் சிறுபணியையேனும் நாம் தொடங்குதல் தகும். தேயிலைத் தோட்டத்துக் குளவியின் உதவி மறக்கப்பட்டதுபோல் இனியும் ஒன்று மறக்கப்படாதிருத்தற்கு அதுவே வழியாகும்.