அபினும் பிராணவாயுவும்

1875ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆம் நாள், ‘செனித்’ என்னும் பலூன் மூவரைச் சுமந்துகொண்டு பரிஸ் நகரிலிருந்து வானில் எழுந்தது. அது 8,000 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து, பின்னர் தரையிறங்கியபோது, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி ஆகிய இருவரும் உயிர் நீத்திருந்தனர். கஸ்தோன் திசாந்தியே ஒருவரே பிழைத்தார்; அவரும் செவிப்புலனை இழந்தார். ஒட்சிசன் நிரம்பிய பைகள் அருகிலேயே இருந்தன. ஆயினும் அவற்றின் குழாயைப் பற்றுதற்குக் கை எழவில்லை. அவ்வேளையில் நோவு சிறிதும் தோன்றவில்லை என்றும், உள்ளத்தில் ஒருவகை உவகையே நிறைந்தது என்றும் திசாந்தியே எழுதிவைத்தார்.

உயரத்தில் உயிரை வாட்டுவது ஒட்சிசன் குறைவே என்பதை உடலியலறிஞர் போல் பேர் 1878இல் வெளியிட்ட தமது பெருநூலில் நிறுவினார். இக்குறைவை எல்லா உறுப்புகளும் ஒரேவிதமாகத் தாங்குவதில்லை. மூளை சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். சிறுநீரகம் அதனினும் நெடுநேரம் பொறுக்கும். அவ்வாறாயின், உறுப்பின் பொறுமையை வளர்க்க வழியுண்டா? இவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்று, எவரும் எதிர்பாராத அபினிலிருந்து வந்தது.

அபினின் சாரமாகிய மோர்பீன் நோவைத் தணிக்கும். அளவு மீறினால் மூச்சை நிறுத்திக் கொல்லும். அது உடலில் எங்கே பற்றுகின்றது என்பதை 1973இல் பால்ட்டிமோர், நியூ யோர்க், உப்சாலா ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வாளர் தனித்தனியே கண்டனர். நரம்புக் கலங்களில் அதற்கென வாங்கிகள் இருந்தன. பூட்டு இருப்பின் உடலுக்குச் சொந்தமான திறவுகோலும் இருத்தல் வேண்டுமன்றோ? 1975இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில் ஹியூசும் கொஸ்டர்லிட்சும் பன்றியின் மூளையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, ‘என்கெபலின்’ எனப் பெயரிட்டனர். வாங்கிகளும் ஒருவகையினவல்ல, மியூ, டெல்டா, கப்பா என மூவகை முதன்மையானவை. மூச்சை அடக்குவது பெரும்பாலும் மியூ வாங்கியே.

டெல்டா வாங்கியின் இயல்போ வேறு. குளிர்காலம் முழுவதும் உறங்கும் விலங்குகளின் உறுப்புகள், மிகக் குறைந்த குருதியோட்டத்திலும் கெடாதிருப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாக வியந்து நோக்கினர். 1990களில், ஐக்கிய அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், டெல்டா வாங்கியைத் தூண்டும் செயற்கை என்கெபலினை விலங்குகளின் உறுப்புகளில் செலுத்திப் பார்த்தனர். உடலுக்கு வெளியே வைக்கப்பட்ட உறுப்புகள் வழமையினும் கூடிய நேரம் உயிர்ப்புடன் இருந்தன. பின்னர் மூளைக் கலங்களிலும் டெல்டா வாங்கியின் காவல் காணப்பட்டது.

இக்காவல் எவ்வாறு நிகழ்கின்றது? இவ்விடத்தில் மற்றொரு வரலாறு வந்து கலக்கின்றது. 1993இல் விக்டர் அம்புரோஸ், கரி ருவ்கன் ஆகிய அமெரிக்க அறிஞர், ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள புழுவொன்றில் நுண் ஆர்.என்.ஏ.யின் தொழிலை வெளிப்படுத்தினர். ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இத்துணுக்கு, புரதத்தை ஆக்கும்படி கலத்தினுள் செல்லும் தூதை இடைமறித்து அடக்கும். இக்கண்டுபிடிப்புக்கு 2024இல் நோபல் பரிசு கிட்டியது. ஒட்சிசன் குறையும்போது, 210 என எண்ணிடப்பட்ட நுண் ஆர்.என்.ஏ. கலத்தில் பெருகுகின்றது; கலத்தின் சக்திக்கூடமாகிய இழைமணியில் ஒட்சிசன் செலவாவதை அது குறைக்கின்றது. வருவாய் சுருங்கிய குடும்பம் செலவைச் சுருக்குவது போன்றதே இது.

இவ்விரு வரலாறுகளும் 2010களில் ஒன்றுசேர்ந்தன. ஒட்சிசன் குறைந்த காற்றில் வைக்கப்பட்ட எலிகளின் டெல்டா வாங்கியைத் தூண்டியபோது, மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் பல நுண் ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறியது. அம்மாற்றமும் உறுப்புக்கு உறுப்பு வேறுபட்டது. ஒவ்வோர் உறுப்பும் தன் தேவைக்கேற்பவே பஞ்சத்தை எதிர்கொள்கின்றது எனலாம்.

இவை பெரும்பாலும் விலங்குகளிற் கண்ட முடிபுகள். அபினோ மோர்பீனோ மூச்சுக்குக் காவலாகும் என இவற்றைக் கொண்டு எவரும் மயங்கலாகாது. அவை மியூ வாங்கியை வலிதாகப் பற்றி மூச்சையே நிறுத்தவல்லன. வேண்டப்படுவது, மியூவைத் தீண்டாது டெல்டாவை மட்டும் தூண்டும் மருந்தே. அத்தகைய மருந்து மனிதரிலும் பயன்தருமாயின், பக்கவாதத்தால் குருதி தடைப்பட்ட மூளைக்கும், மாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் சிறுநீரகத்துக்கும், பிறக்கும்போதே மூச்சுத் திணறிய சிசுவுக்கும் இன்னுஞ் சிறிது நேரம் கிடைக்கும். உயிரைக் காக்க வைத்தியர் வேண்டுவது பல வேளைகளில் அச்சிறிது நேரமே.