சைதாப்பேட்டைக்குப் போன கள்ளியும் உங்கள் ஜன்னலில் சாயும் கள்ளியும்

சப்பாத்திக் கள்ளி எந்த ஊர்ச் செடி என்று உங்கள் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். "எங்கட ஊர்ச் செடிதான், வேலியோரம் நிற்கும்" என்பார்கள். சிலர் அதை நாகதாளி என்பார்கள். அதன் பழத்தைத் தின்று நாக்கு சிவந்த கதையும் கூடவே வரும். ஆனால் அந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அது நம் ஊருக்குப் போன வழியில் லண்டனும் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வரும் கள்ளி வேறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவை நம் மண்ணில் பழங்காலம் முதல் இருப்பவை. கீறினால் வெள்ளைப் பால் வடியும். ஆங்கிலத்தில் 'காக்டஸ்' என்று சொல்லும் குடும்பத்துக்கும் இவற்றுக்கும் உறவு இல்லை. காக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. மரத்தில் தொங்கி வளரும் ஒரே ஒரு இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. வெளியிலிருந்து வந்த புதிய செடியும் முள்ளோடு நின்றதால், நம்மவர்கள் அதற்கும் கள்ளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி நிறத்தின் கதை. சப்பாத்திக் கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் சின்னப் பூச்சி ஒன்று உண்டு. பெயர் கொச்சினீல். வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரியும். நசுக்கினால் இரத்தச் சிவப்பு. மெக்சிகோ மக்கள் அதை வளர்த்துச் சாயம் எடுத்தார்கள். அந்த நாட்டைப் பிடித்த ஸ்பெயின், சாயத்தை உலகுக்கு விற்றுப் பெரும் பணம் பார்த்தது. உயிருள்ள பூச்சி வெளியே போகாமல் காவலும் காத்தது. 1777இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒஹாகா வரை போய், கள்ளியையும் பூச்சியையும் இரகசியமாகக் கடத்திக்கொண்டு இன்றைய ஹெய்ட்டிக்கு வந்தார். ஒரு பூச்சிக்காக உளவு வேலையே நடந்திருக்கிறது.

பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் இந்தச் சாயம்தான் தேவைப்பட்டது. ஸ்பெயினிடம் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் இந்தியாவிலேயே வளர்த்தால் என்ன என்று கிழக்கிந்தியக் கம்பெனியில் யோசனை எழுந்தது. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். சென்னையிலேயே கொச்சினீல் போன்ற பூச்சியைக் கண்டதாகச் சொன்னார். அது உண்மையான கொச்சினீல் அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஆனால் ஆசை அடங்கவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கியூ தோட்டத்தில் ஆலோசகராக இருந்தவர் இந்த பேங்க்ஸ். கியூவிலிருந்து கள்ளிகள் கப்பலேறின. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று உருவானது.

அந்தக் காலத்தில் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். பல மாதப் பயணம். மற்றச் செடிகள் வழியிலேயே செத்துப்போகும். கள்ளி சாகாது. அதன் தட்டையான தண்டு ஒன்றை வெட்டி எடுத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் போல மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரை வைத்து வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணில் பட்டதும் வேர் விடும். இந்த ஒரு குணத்தை நினைவில் வையுங்கள். மீதிக் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1795இல் கேப்டன் நீல்சன் என்ற அதிகாரி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சென்னைக்கும் வந்தன. ஆனால் அவர் கொண்டுவந்தது மெக்சிகோவின் உயர்ந்த இனம் அல்ல, காட்டு இனம். சாயம் மட்டமாக இருந்தது. கம்பெனியின் கனவு கலைந்தது.

கனவு போனாலும் கள்ளி போகவில்லை. இதற்கு முன்பே வேறு கப்பல்களில் வந்த கள்ளிகளும் இருந்தன. ஆடு மாடு நுழையாத வேலி என்று மக்கள் நட்டார்கள். வேலி வயலுக்குள் நடந்தது. வெட்டினால் துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியானது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூவின. இலாபத்துக்காகக் கொண்டுவந்தவர்கள் ஒருபுறம் இருக்க, முள்ளோடு மல்லுக்கட்டியவர்கள் நம் விவசாயிகள்.

ஆச்சரியம் என்னவென்றால், சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டுப் பூச்சி இங்கே கைகொடுத்தது. 1830களில் தென்னிந்தியாவில் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று அழித்தது. 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களையை அழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே நாடு விட்டு நாடு கொண்டுபோன முதல் நிகழ்வுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சி ஒரே வகைக் கள்ளியைத்தான் தின்னும். காலியான இடத்தில் இன்னொரு வகை பரவியது. அதற்கென வேறொரு கொச்சினீல் இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926இல் அங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் போனது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது. மிச்சம் நின்றதைத்தான் நம் தாத்தா பாட்டிகள் "எங்கட ஊர்ச் செடி" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பல தலைமுறை ஒரு மண்ணில் நின்று, பெயரும் பெற்று, பிள்ளைகளின் நாக்கையும் சிவக்க வைத்த செடியை வேறு என்னவென்று சொல்வது?

இப்போது உங்கள் ஜன்னலுக்கு வருவோம். வயல் முழுக்கப் பரவி, வெட்டினாலும் சாகாத செடி லண்டன் ஃபிளாட்டில் மட்டும் ஏன் சாய்கிறது? பெரும்பாலும் நாம் காட்டும் பாசத்தால். டிசம்பரில் இங்கே பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அதே நாட்களில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் இல்லாத காலத்தில் கள்ளி உறங்குகிறது. உறங்கும் செடிக்கு வாரா வாரம் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும்.

சாய்ந்த கள்ளிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தொட்டுப் பாருங்கள். தோல் சுருங்கி, மண் காய்ந்து, சாடி இலேசாக இருந்தால் தாகம். நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, மிச்சத்தை வடிய விடுங்கள். மெலிந்து வெளுத்து ஜன்னல் பக்கம் வளைந்தால் வெளிச்சக் குறைவு. தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அடிப்பகுதி பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் அழுகல். இதற்குத் தண்ணீர் விடுவது நெருப்புக்கு எண்ணெய் விடுவது போல.

அழுகிய கள்ளியைக் காப்பாற்ற அந்தக் கப்பல் கால வித்தையே போதும். சுத்தமான கத்தியால் நல்ல பகுதியை வெட்டி எடுங்கள். வெட்டுவாயில் பழுப்பு நிறம் துளிகூட இருக்கக் கூடாது. ஒரு வாரம், பெரிய துண்டென்றால் இரண்டு வாரம், நிழலில் காய விடுங்கள். பிறகு பருமணலும் சிறு கற்களும் கலந்த மண்ணில், அடியில் ஓட்டையுள்ள சாடியில் நடுங்கள். வேர் பிடிக்கும் வரை தண்ணீரில் கை வைக்காதீர்கள். அதன்பின் கோடையில் மண் முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். அக்டோபர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய எதுவும் வேண்டாம். விவசாயியை அழ வைத்த அதே குணம்தான் உங்கள் செடியை மீட்கும்.

வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது பெரும்பாலும் கொச்சினீலின் உறவினரான மாவுப்பூச்சி. பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும்.

ஒரு நாள் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்துக் கியூவுக்குப் போங்கள். அங்கே வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகையில் கள்ளிகள் வரிசையாக நிற்கும். பலகையில் இலத்தீன் பெயரும் பிறந்த நாடும் இருக்கும். சைதாப்பேட்டைக்கான பயணத்தை நீங்கள் கூடப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.