ஊர் பேர் தெரியாத செல்

சித்தி மகன் வாட்ஸப்பில் அனுப்பிய படம் கோணலாக இருந்தது. காகிதத்தின் ஓரத்தில் அவன் கட்டைவிரல். இரவு பதினொன்றரை, நான் அலுவலகத்தில் ஒரு ரிலீஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். சிடி30 பாசிட்டிவ். சிடி15 பாசிட்டிவ். சிடி20 நெகட்டிவ். சிடி45 நெகட்டிவ். பாக்ஸ்5 மங்கலாக பாசிட்டிவ். அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்போமா.

"அண்ணே, இதுல பாசிட்டிவ்னா நல்லதா கெட்டதா?"

அவனுக்கு வயது இருபத்து நான்கு. நான் கூகுளில் தேடிவிட்டுத்தான் பதில் எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வேலை மென்பொருள். உயிரியலை பிளஸ் டூவோடு விட்டவன். சிடி என்றால் எங்கள் செட்டுக்கு இளையராஜா பாட்டு பதிந்த தட்டு.

நான்கு மாதம் முன்பு அவன் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. "நெறி கட்டியிருக்கு, பல்லுல ஏதாச்சும் இருக்கும்" என்றார் பாட்டி. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரியில் பனியன் நனையும் வியர்வை, ஆறு கிலோ எடை குறைவு. ஊரில் பார்த்த மருத்துவர் ஊசி வைத்துக் கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பரிசோதிக்கச் சொன்னார். அந்த ரிப்போர்ட் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் மாதம் காய்ச்சல் விட்டது, எல்லோரும் நம்பினோம். நான்காம் மாதம் நெல்லிக்காய் எலுமிச்சையாகிவிட்டது. மதுரையில் வேறொருவர் நெறியை முழுசாக வெட்டி எடுக்கச் சொன்ன பிறகு வந்ததுதான் அந்தக் காகிதம்.

அந்த முதல் மருத்துவர் மேல் எனக்கு அடக்க முடியாத கோபம். இந்த நோயின் வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்ததே, உண்மையைச் சொன்னால், அவருக்கு எதிராக ஆதாரம் சேர்க்கத்தான்.

வரலாறு 1832இல், லண்டன் கைஸ் மருத்துவமனையின் பிணவறையில் தொடங்குகிறது. தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற குவேக்கர் மருத்துவர், நெறிகளும் மண்ணீரலும் வீங்கிச் செத்துப்போன ஏழு பேரைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நுண்ணோக்கி கிடையாது. வெறும் கண்ணால் பார்த்து, இது சீழோ வேறு நோயின் எதிரொலியோ அல்ல, நெறியிலேயே பிறக்கும் தனி நோய் என்றார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வட அமெரிக்கப் பழங்குடிகளை ஹட்சன் பே கம்பெனி நடத்தும் விதத்தைக் கண்டித்ததும் சேர்ந்து, சில ஆண்டுகளில் அந்த மருத்துவமனையில் அவருக்கு வரவேண்டிய பதவி கிடைக்காமல் போனது. சாமுவேல் வில்க்ஸ் இதே நோயைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்து எழுதத் தொடங்கி, தனக்கு முன்னால் ஒருவர் எழுதியிருப்பதை அறிந்து, 1865இல் நோய்க்கு அவர் பெயரையே வைத்தார். அடுத்த ஆண்டு பாலஸ்தீனப் பயணத்தில், யாஃபாவில், சீதபேதியில் இறந்தார் ஹாட்ஜ்கின்.

நுண்ணோக்கி வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. 1898இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அந்த நெறிகளுக்குள் ராட்சத செல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கரு, இரண்டிலும் நடுவே ஒரு பெரிய பொட்டு. ஆந்தை முறைத்துப் பார்ப்பது போல. இது காசநோயின் ஒரு விசித்திர வடிவம் என்று முடிவு கட்டினார் அவர். அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோயும் கூடவே இருந்தது.

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊர் மருத்துவர் செய்த அதே தவறு. அதுவும் நோய்க்கூறியலில் தன் பெயரைப் பதித்துவிட்டுப்போன ஒருவர், செல்லைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு செய்தது.

1902இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீட் என்ற இளம் மருத்துவர் அதை மறுத்தார். காசநோயும் இதுவும் ஒரே உடம்பில் இருக்கலாம், ஆனால் இரண்டும் வேறு வேறு என்றார். அந்தச் செல்களை அவர் வரைந்து காட்டிய விதத்தில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. பெண்களுக்கு அங்கே ஆசிரியர் பதவிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் வெளியேறி, பின்னாளில் தாய்சேய் நலத்தில் பெரிய வேலைகள் செய்தார். அவர் பெயரும் ஸ்டெர்ன்பெர்க் பெயரும் இன்று அந்தச் செல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். ஆனால் ரீடும் இதைப் புற்றுநோய் என்று சொல்லவில்லை, நாள்பட்ட அழற்சி என்றே நினைத்தார். அதற்கும் காரணம் உண்டு. வீங்கிய நெறியில் இந்த ஆந்தைக்கண் செல்கள் நூற்றுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கூடிய சாதாரண வெள்ளணுக்கள். கொலைகாரன் ஒருவன், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தொண்ணூற்றொன்பது பேர்.

அந்தச் செல் எங்கிருந்து வந்தது, எந்தச் செல் கெட்டு இப்படியானது என்பதற்கு மட்டும் பதிலே இல்லை. ஊர் பேர் தெரியாத செல்.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் எனக்குப் பிடித்தது. 1966இல் அமெரிக்காவின் ஹென்றி ரப்பபோர்ட் லிம்போமாக்களை வகைப்படுத்தினார். பெரிய பெரிய செல்கள் கொண்ட ஒரு வகைக்கு 'ஹிஸ்டியோசைட்டிக்' என்று பெயர். ஹிஸ்டியோசைட் என்பது குப்பையை விழுங்கும் செல். பார்க்க அப்படி இருந்ததால் அந்தப் பெயர். பிறகு சோதித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஹிஸ்டியோசைட்டே இல்லை, தூண்டப்பட்டுப் பருத்த லிம்போசைட்டுகள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளில் தப்பான பெயர். எங்கள் கோட்பேஸில் பத்து வருஷமாக தப்பான பெயரோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேரியபிள் உண்டு, யாருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை. அது ஞாபகம் வந்தது.

செல்லின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் சட்டைப்பையைத் துழாவினால் என்ன? ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரித்து, அதன் வாலில் சாயத்தைக் கட்டிவிட்டால், எங்கே ஒட்டுகிறதோ அங்கே நிறம் தெரியும். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தைக் கட்டினார். 1966இல் நகானேயும் பியர்ஸும் சாயத்துக்குப் பதிலாக ஒரு நொதியைக் கட்டினார்கள். கடுகுக் குடும்பத்துக் காரமான வேர் ஒன்றிலிருந்து எடுக்கும் நொதி அது. அதற்கான வேதிப்பொருளை ஊற்றினால் ஒட்டிய இடம் பழுப்பாகும், சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: பாசிட்டிவ் என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பழுப்பாச்சு, அவ்வளவுதான்.

ஆனால் நல்ல ஆன்டிபாடி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. முயலுக்கு மனிதச் செல்லை ஊசி போட்டு ரத்தத்தை எடுத்தால் அதில் நூறு விதமான ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லரும் மில்ஸ்டைனும் இதை உடைத்தார்கள். எலியின் மண்ணீரலில் ஆன்டிபாடி செய்யும் ஒரு செல்லை, சாவே இல்லாமல் பெருகும் எலியின் மைலோமா செல்லோடு இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வற்றாமல் சுரந்தது. மைலோமா என்பதே ஒரு ரத்தப் புற்றுநோய். மனிதனின் ரத்தப் புற்றுநோயை அடையாளம் காட்டும் கருவி, எலியின் ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்திருக்கிறது. காப்புரிமை வாங்கித்தரவேண்டிய பிரிட்டிஷ் அரசு அமைப்புக்கு இதில் உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை. காப்புரிமை போகட்டும், 1984இல் நோபல் வந்தது.

இதன் பிறகு ஊருக்கு ஊர் ஆன்டிபாடிகள் முளைத்தன. ஜெர்மனியின் கீல் நகரில் ஹரால்ட் ஸ்டைனின் குழு, ஹாட்ஜ்கின் நோயாளியிடமிருந்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களை எலிக்கு ஊசி போட்டது. 1982இல் வெளியான அந்த ஆன்டிபாடி நெறியின் ஆந்தைக்கண் செல்களைத் தேடிப் போய் ஒட்டியது. சுற்றியிருந்த கூட்டத்தில் மிகச் சிலவற்றை மட்டுமே தொட்டது. கீல் நகரின் பெயரால் அதற்குக் கி-1 என்று பெயர். இன்று பல புற்றுநோய் ரிப்போர்ட்டுகளில் வரும் கி-67 அதே ஊர்க்காரன்தான். 96 குழித் தட்டில் 67ஆம் குழியில் கிடைத்தவன். இவ்வளவு நேர்மையான பெயரிடலை நான் எங்கும் பார்த்ததில்லை.

இப்படி ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தால் ஒரே புரதத்துக்குப் பத்துப் பெயர். 1982இல் பாரிஸில் கூடி, பல ஆய்வகங்களின் ஆன்டிபாடிகளை வாங்கி ஒரே செல்களின் மேல் சோதித்து, எவையெல்லாம் ஒரே மாதிரி ஒட்டுகின்றன என்று கணினியில் கொத்துக் கொத்தாகப் பிரித்தார்கள். சிடி என்பதில் உள்ள சி அந்தக் கொத்துதான். என் வேலையில் தினமும் செய்யும் கிளஸ்டரிங். கி-1 பிடிக்கும் புரதம் பின்பு சிடி30 ஆனது. பெயரில் அர்த்தமே கிடையாது, எண் மட்டும். ஹிஸ்டியோசைட்டிக் கதைக்குப் பிறகு அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் கேட்டரும் டேவிட் மேசனும், எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாமல் விடப்பட்ட கட்டிகளை ஆன்டிபாடி போட்டுப் பார்த்தார்கள். கணிசமானவை லிம்போமா. அந்தக் காலத்தில் பரவிய வேறு புற்றுநோய் என்றால் பெரும்பாலும் வலியைக் குறைத்து அனுப்புவதுதான். லிம்போமாவுக்கோ மருந்து இருந்தது. ஹாட்ஜ்கினுக்கு இன்றும் கொடுக்கும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டை மிலானில் போனடோனா எழுபதுகளிலேயே உருவாக்கிவிட்டார். மருந்து அலமாரியில் இருந்தது. பெயர்தான் தப்பாக இருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. பல ஆன்டிபாடிகள் உறையவைத்த புதுத் திசுவில்தான் வேலை செய்யும். நிஜத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் திசுவை ஃபார்மலினில் போட்டு மெழுகுக்கட்டியில் புதைத்துவிடுவார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டிவிடும். 1991இல் ஷான்-ரோங் ஷி, நாற்பதுகளில் வந்த பழைய வேதியியல் ஆய்வுகளில் கடும் சூடு அந்தப் பிணைப்பைத் தளர்த்தும் என்று படித்து, ஸ்லைடை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டார். பூட்டு திறந்தது. கொஞ்ச வருஷத்தில் பிரஷர் குக்கரும் ஆய்வகத்துக்குள் வந்தது. ஆமாம், குக்கர். இது மட்டும் நடந்திருக்காவிட்டால், தம்பியின் மெழுகுக்கட்டியைச் சித்தப்பா டிபன் டப்பாவில் போட்டு பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனதில் அர்த்தமே இருந்திருக்காது.

ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனிக் காசு. "இத்தனையும் போட்டுப் பாக்கணுமா? இல்லைன்னு வரும்னு தெரிஞ்சதுக்கெல்லாம் எதுக்குக் காசு?" என்று கேட்டார் சித்தப்பா. எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சிடி30 தனியாக எதையும் நிரூபிக்காது. தூண்டப்பட்ட நல்ல செல்லிலும் அது வரும், வேறு லிம்போமாவிலும் வரும். சிடி15 பொதுவாகக் கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களில் இருப்பது. வெள்ளணுக்கள் அனைத்துக்கும் பொதுவான சிடி45 இந்தச் செல்லில் இல்லை. 'இல்லை' என்று வந்த இரண்டும் சேர்ந்துதான் இவனை மாட்டிவிட்டன. யார் யாருடைய அடையாள அட்டையோ பையில், சொந்த அட்டை மட்டும் காணோம்.

அதனால்தான் ஆன்டிபாடிகள் செல்லை அடையாளம் காட்டினவே தவிர, ஊரைச் சொல்ல முடியவில்லை. 1994இல் ஜெர்மனியில் ரால்ஃப் கூப்பர்ஸும் கிளாஸ் ராயெவ்ஸ்கியும் சாயமேற்றிய திசுவிலிருந்து ஆந்தைக்கண் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து மரபணுவைப் படித்தார்கள். பி லிம்போசைட் மட்டும்தான் தன் ஆன்டிபாடி மரபணுவை வெட்டி ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஒரு விதமாக. அந்தத் தழும்பு அழியாது. அந்தச் செல்களில் தழும்பு இருந்தது, ஒரே நெறியிலிருந்து எடுத்தவற்றில் ஒரே தழும்பு. பி செல்லாகப் பிறந்து, சிடி20 முதலான தன் அடையாளங்களைத் தொலைத்துவிட்டுத் திரிந்த செல். மங்கலாகத் தெரிந்த அந்தப் பாக்ஸ்5தான் பழைய ஊரின் மிச்சம். ஹாட்ஜ்கின் கட்டுரைக்கு 162 ஆண்டுகளுக்குப் பின்.

அந்த மருத்துவர் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. நம் ஊரில் கழுத்தில் நெறி என்றால் டிபியை முதலில் நினைப்பது நியாயம், அதுதான் அதிகம். ஸ்டெர்ன்பெர்க்கிடம் ஆன்டிபாடி இல்லை, குக்கர் இல்லை. இவரிடம் மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இரண்டும் இருந்தன. இரண்டாம் மாதமே நெறி கரையவில்லை என்றபோது வெட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தம்பிக்கு ஏபிவிடி ஆறு சுற்று. முடி கொட்டியது, திரும்ப வந்தது, முன்னைவிடச் சுருட்டையாக. கடைசி ஸ்கேனில் எதுவும் இல்லை. சிடி30ஐக் குறிவைத்தே நஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரென்டக்சிமாப் வெடோட்டின் 2011 முதல் இருக்கிறது. இவனுக்கு அது தேவைப்படவில்லை.

மெழுகுக்கட்டியை ஆய்வகம் திருப்பிக் கொடுத்துவிட்டது, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி. ஹாட்ஜ்கின் பார்த்த உறுப்புகள் சில கைஸ் வளாகத்து கார்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவையில் இருக்கின்றன. 1926இல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் அவற்றைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, எல்லாமே ஹாட்ஜ்கின் நோய் அல்ல என்று தெரிந்தது. எங்கள் வீட்டுக் கட்டி பீரோவில், எல்ஐசி பத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. போன அக்னி நட்சத்திரத்தில் மெழுகு உருகிவிடுமோ என்று சித்தி அதை ஃபிரிஜ்ஜுக்கு மாற்றிவிட்டாள். ஐம்பது டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இப்போதும் தோசை மாவுக்கு மேல்தட்டில்தான் இருக்கிறது, தம்பி பெயர் எழுதிய டப்பாவில்.