உப்பிட்டவர்



அறுசுவையுள் உவர்ப்பும் ஒன்று. ஆயினும் மற்றைச் சுவைகளுக்கில்லாத ஒரு சிறப்பு அதற்கு உண்டு. தான் மறைந்து நின்று பிற சுவைகளை விளங்கச் செய்வது அது. ஊடலின் அளவை உணர்த்தப் புகுந்த திருவள்ளுவர் உப்பையே உவமையாக எடுத்துக்கொண்டார். அளவோடு அமைந்தால் இன்பம். சிறிது மிகுந்தாலும் கேடு.

உப்பிடுதல் என்னும் சொல் நம்மிடையே பல பொருளில் வழங்குகின்றது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழியில் அது சோறிடுதலைக் குறிக்கும். மீனவர் உப்பிட்டால் மீன் கருவாடாகும். இல்லத்தரசி உப்பிட்டால் தேசிக்காய் ஊறுகாயாகும். உப்பு பொருளின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுவதால், அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் வாழ வழியின்றிப் போகின்றன. தென்னம்பிள்ளை நடும் குழியிலும் உப்பிடுவர். நாவூறு கழிப்பதற்கும் உப்பையே கையில் எடுப்பர். புதுமனை புகுவோர் முதலில் கொண்டுசெல்லும் பொருள்களுள் உப்பும் ஒன்று.

இத்தகைய பொருள் எல்லா நிலத்திலும் விளைவதன்று. நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று விற்ற உமணரைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. உப்புக்கு நெல்லை மாற்றாகப் பெற்றனர் அவர்கள். கடற்கரையும் வயற்புறமும் ஒன்றையொன்று நாடி வாழ்ந்த வாழ்க்கை அது.

அந்த உறவை அரசியல் இடையே புகுந்து அறுத்தால் என்னவாகும்? இதற்கு நமது நாட்டு வரலாறே விடை தருகின்றது. கண்டி இராச்சியம் மலைகளால் சூழப்பட்டது. நெல்லும் பாக்கும் அங்கே உண்டு. உப்பு மட்டும் இல்லை. கரையோரப் பட்டினங்களைப் போர்த்துக்கேயரும், அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் கைப்பற்றியபோது, உப்பு வரும் வழியும் அவர்கள் கைக்குள் அகப்படலாயிற்று. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயரான இராபர்ட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் இதனைக் குறித்துள்ளார். போர்க்காலத்தில் மக்கள் பெரிதும் மதித்த பொருள் உப்பே என்றும், அத்தகைய காலத்துக்கென்று பெரும்பாலோர் அதனைச் சேமித்து வைத்திருந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். தென்கிழக்குக் கரையில் இயற்கையாக உப்பு விளையும் லேவாயா என்னும் ஏரிகளிலிருந்து அந்நியரால் தடுக்க முடியாதவாறு உப்புக் கிடைத்ததையும் அவர் வியந்து எழுதியுள்ளார்.

அந்த நிலையும் நீடிக்கவில்லை. கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் நடந்த போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. தன் குடிகள் உப்பு எடுத்துக்கொள்வதற்கு ஓர் அரசன் பிறரிடம் உடன்படிக்கை வாயிலாக அனுமதி பெறவேண்டியதாயிற்று. 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் கண்டி வீழ்ந்தது படைவலியால் மட்டுமன்று. கடல்வழி அடைபட்ட நாடு நெடுநாள் தளர்ந்திருந்ததும் ஒரு காரணம் எனலாம்.

ஆங்கிலேயரும் உப்பைத் தம் ஏகபோகமாகவே நடத்தினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்வ், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது உப்பு எடுப்பித்தலும் அவர் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே ஏகபோகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி காந்தியடிகள் தண்டிக் கரையில் உப்பை அள்ளினார். அதே மாதத்தில் இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வேதாரணியம் சென்று உப்புச் சட்டத்தை மீறினார்.

வடபகுதியில் ஆனையிறவு உப்பளமும் இத்தகைய ஏற்ற இறக்கங்களைக் கண்டதே. போர்க்காலத்தில் அது செயலிழந்தது. பின்னர் மீண்டும் வேலை தொடங்கியது. வெயிலில் நின்று பாத்தி கட்டி, கண் கூசும் வெண்மையிடையே உப்பு வாருவோரின் உழைப்பு எளிதன்று.

இன்று உப்பு மலிந்த பொருள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாது உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஒரு பிடி உப்புக்காக ஒரு நாடே ஏங்கிய காலத்தை நாம் மறந்திருக்கலாம். ஆனால், உப்பிட்டவரை நினைக்கும்போது, சோறிட்டவரோடு அளத்தில் அந்த உப்பை விளைவித்தவரையும் சேர்த்து நினைப்பதே முறையாகும்.