மண்தட விசையுந்துகளில் கியர் மாற்றக் கோளாறுகள்

மண்தட விசையுந்துகளில் (டர்ட் பைக்) கியர் மாற்றக் கோளாறு என்பது, ஓட்டுநர் விரும்பிய கியர் விழாமை, விழுந்த கியர் தானே கழன்றுவிடுதல், நியூட்ரல் அகப்படாமை ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். மண், மணல், பாறைத் தடங்களில் ஓடும் வண்டிகளில் கியர் அடிக்கடி மாற்றப்படுவதாலும், வண்டி அடிக்கடி கீழே விழுவதாலும் சாலை வண்டிகளை விட இக்கோளாறுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் கியர் கழன்றால் வண்டி பின்னோக்கிச் சரிந்து ஓட்டுநர் மீதே விழக்கூடும் என்பதால் இவற்றைச் சிறு தொல்லையாகக் கருதிவிட முடியாது.

கோளாறு எதுவாயினும் 'கியர் பெட்டி போய்விட்டது' என்று முடிவுகட்டி எஞ்சினைப் பிரிப்பது பரவலாக உள்ள வழக்கம். ஆனால் வளைந்த லீவர், இறுகிய அல்லது தளர்ந்த கிளட்ச் கம்பி, பொருந்தாத எண்ணெய், கோணிய கிளட்ச் தகடு என, காரணம் பெரும்பாலும் கியர் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கிறது. எனவே ஆய்வு வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும்.

அமைப்பு

இவ்வண்டிகளில் உள்ளது வரிசைமுறைக் கியர் பெட்டி ஆகும். இரு தண்டுகளில் உள்ள பற்சக்கரங்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று இணைந்தே சுழல்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தண்டோடு பிணையாமல் வெறுமனே சுழலும். அதன் பக்கவாட்டில் உள்ள தடித்த முனைப்புகளோடு (பட்டறை வழக்கில் 'டாக்') அடுத்த சக்கரத்தின் முனைப்புகள் கோத்துக்கொள்ளும்போதுதான் அந்தக் கியர் 'விழுகிறது'. சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவது கவை வடிவிலான ஃபோர்க். ஃபோர்க்குகளை நகர்த்துவது, வளைந்த பள்ளங்கள் வெட்டப்பட்ட கியர் டிரம். டிரம்மின் முனையில் விண்மீன் வடிவத் தகடு ஒன்று உண்டு. வில்லால் அழுத்தப்பட்ட சிறு உருளை இத்தகட்டின் குழிகளில் அமர்ந்து, டிரம் ஒவ்வொரு கியரிலும் நிலைத்து நிற்கச் செய்கிறது. காலால் லீவரை மிதிக்கும்போது கியர் ஷாஃப்ட் திரும்பி, கொக்கி ஒன்றின் மூலம் டிரம்மை ஒரு படி நகர்த்துகிறது. காலை எடுத்ததும் மீள்வில் லீவரை நடுநிலைக்குக் கொண்டுவருகிறது.

இச்சங்கிலியில் ஒவ்வோர் உறுப்பும் பழுதாகும் விதம் வேறு. குறைபாடு எப்பொழுது, எந்தக் கியரில், எத்திசையில் தோன்றுகிறது என்று கேட்டாலே காரணத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம்.

முதற் சோதனை

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றியபடியே எல்லாக் கியர்களையும் மேலும் கீழும் மாற்றிப் பார்ப்பது முதற் சோதனை ஆகும். சக்கரத்தைச் சுழற்றாமல் செய்தால் முனைப்புகள் நேருக்கு நேர் முட்டி நின்று, நல்ல கியர் பெட்டியும் பழுதானதுபோலத் தோன்றும். பலர் ஏமாறும் இடம் இதுவே.

எஞ்சின் அணைந்த நிலையில் எல்லாக் கியரும் தடையின்றி விழுந்து, ஓடும் நிலையில் மட்டும் அடம்பிடித்தால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச் ஆகும். இரு நிலைகளிலும் ஒரே இடத்தில் சிக்கினால் லீவர், ஷாஃப்ட், டிரம், ஃபோர்க் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

கிளட்ச் இழுவை

கிளட்ச்சை முழுவதும் பிடித்த பின்னும் தகடுகள் முற்றிலும் பிரியாமல் எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவது கிளட்ச் இழுவை எனப்படும். நின்ற வண்டியில் நியூட்ரல் கிடைக்காமை, முதல் கியர் பெரும் ஓசையுடன் விழுதல், சமதரையில் கிளட்ச் பிடித்திருக்கும்போதே வண்டி ஊர்தல் ஆகியன இதன் அடையாளங்கள். குளிர்ந்த எண்ணெயில் தகடுகள் சிறிது ஒட்டுவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் தொடர்ந்தால் அது கோளாறு.

முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் லீவரின் தளர்வு. பல வண்டிகளின் கையேடுகள் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு கேட்கின்றன. தளர்வு மிகுந்தால் இழுவையும், தளர்வே இல்லாவிட்டால் வழுக்கலும் ஏற்படும். விழுந்து எழுந்த வண்டிகளில், கைப்பிடித் தலைக்கு அருகில் கம்பியின் உறை மடிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நீர்ம அழுத்தக் கிளட்ச் உள்ள வண்டிகளில் குழாயினுள் காற்றுக்குமிழி புகுந்தால் இதே விளைவு ஏற்படும். அவற்றுள் சில கனிம எண்ணெயிலும் சில பிரேக் திரவத்திலும் இயங்குவதால், ஒன்றில் மற்றதை ஊற்றினால் இரப்பர் அடைப்புகள் கெட்டுவிடும்.

கம்பி சரியாக இருந்தும் இழுவை நீடித்தால் கிளட்ச் மூடியைக் கழற்ற வேண்டும். எஃகுத் தகடுகளைச் சமதளக் கண்ணாடி மீது வைத்து, இடைவெளி அளவியால் கோணலை அளக்கலாம். ஏற்கத்தக்க வரம்பு வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரையே. உராய்வுத் தகடுகளின் காதுகள் வெளிக்கூட்டின் விரல்களில் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால், தகடுகள் அப்பள்ளங்களில் மாட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். புதுத் தகடு போட்டும் பழைய குறை போகவில்லை என்ற முறையீட்டின் பின்னால் இப்பள்ளங்கள் இருப்பது வழக்கம்.

குறிகளும் காரணங்களும்

மிதித்த லீவர் திரும்பி வராமல் அப்படியே கிடந்தால் மீள்வில் உடைந்திருக்கலாம், அல்லது அது தாங்கி நிற்கும் ஊசி தளர்ந்திருக்கலாம். லீவர் மட்டும் சுழன்று ஷாஃப்ட் சுழலாவிட்டால், இரண்டும் கோக்கும் வரிப்பற்கள் மழுங்கியுள்ளன. மேல் கியர்கள் விழுந்து கீழ் கியர்கள் விழாதபோது (அல்லது மாறாக) கொக்கியும் மீள்வில்லின் ஊசியும் ஐயத்துக்குரியவை. ஆனால் அதற்கும் முன்னர் லீவர் உள்நோக்கி வளைந்து எஞ்சின் உறையில் முட்டுகிறதா, அதன் அடியில் சேறு இறுகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது நன்று. காலணியின் பருமனுக்கேற்ப லீவரின் உயரம் அமையாததும், பாதி மிதியில் கியர் தவறுவதற்குக் காரணமாகிறது. வண்டி இடப்பக்கம் பலமாக விழுந்திருந்தால் ஷாஃப்டே வளைந்திருக்கக்கூடும்.

முறுக்கும்போது கியர் கழன்று விழுவது தனி வகை. ஒரே ஒரு கியர் மட்டும் கழன்றால் அந்த இணையின் முனைப்புகள் விளிம்பு தேய்ந்து உருண்டுள்ளன, அல்லது அதற்குரிய ஃபோர்க் வளைந்துள்ளது எனக் கொள்ளலாம். பல கியர்களிலும் கழன்றால் விண்மீன் தகடு, அதன் உருளை, வில் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். இவ்வேறுபாடு செலவைத் தீர்மானிப்பது. முன்னதற்கு எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பின்னது பல வண்டிகளில் கிளட்ச்சைக் கழற்றினாலே கைக்கு எட்டிவிடும்.

இரு கியர்களுக்கு இடையில் எதுவும் பற்றாமல் எஞ்சின் மட்டும் அலறும் நிலை 'பொய் நியூட்ரல்' எனப்படுகிறது. அரைகுறையாக மிதிப்பதே இதன் முதற் காரணம். பழக்கத்தால் நேர்ந்த பொய் நியூட்ரலும் நாளடைவில் முனைப்புகளைத் தேய்த்து உண்மையான பழுதாக மாறும். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் போட்டியாளர்களின் வண்டிகளிலும் இத்தேய்வு விரைவாக நிகழ்கிறது. தேய்ந்த முனைப்புகளின் முகத்தை உட்சரிவாகக் கடைந்து, விசை ஏற ஏற ஒன்றையொன்று உள்ளிழுக்குமாறு செய்வது பந்தயப் பட்டறைகளில் கையாளப்படும் முறையாகும்.

எண்ணெய்

நான்கு வீச்சு வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கார்களுக்கான உராய்வு குறைக்கும் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆகவே ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறி உள்ளதையே பயன்படுத்த வேண்டும். இரு வீச்சு வண்டிகளில் கியர் எண்ணெய் தனியாக இருப்பதால், வடித்த எண்ணெயில் காணும் துகள் கியர் பெட்டியிலிருந்தோ கிளட்ச்சிலிருந்தோதான் வந்திருக்க முடியும். ஆய்வாளருக்கு இது ஒரு வசதி.

காந்த வடிகுழாய்த் திருகில் சாம்பல் நிறப் பசைபோல் நுண்தூள் படிவது இயல்பு. சில்லுகளோ, கூரிய உலோகத் துண்டுகளோ கிடைத்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் பிரிப்பதே தக்கது. உடைந்த துண்டு பற்சக்கரங்களுக்கிடையில் சிக்கினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

வெள்ள நீர்

சென்னையின் தென்பகுதியில் இக்கோளாறுகளுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்த பெருங்குடி, வேளச்சேரி போன்ற தாழ்ந்த பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நீரில் மூழ்கின. இருக்கை அளவு நீரில் நின்ற வண்டியில், காற்றுப்போக்குக் குழாய் வழியாகவும் காற்று வடிகட்டி வழியாகவும் நீர் எஞ்சினுள் புகும். ஆற்றைக் கடக்கையில் கவிழும் மண்தட வண்டிக்கும் இதே நிலைதான்.

நீர் கலந்த எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் காணப்படும். அதில் ஊறிய உராய்வுத் தகடுகள், காகித இழையால் ஆனவை ஆதலின், உப்பிப் பிரிய மறுக்கின்றன. சில வேளை படலமாக உரிந்தும் விடுகின்றன. எஃகுத் தகடுகளிலும் தாங்கிகளிலும் துரு பிடிக்கிறது. வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழித்து 'கியர் கடினமாக விழுகிறது' என்று வரும் வண்டிகளின் கதை இதுவாக இருக்கலாம். மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்காமல், எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் வடித்து, நிறம் தெளியும்வரை மாற்றுவது நடைமுறை. எஞ்சினை இயக்கும் முன் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, உருளையில் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு வண்டிகளில்

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னை திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரித்தது. பழைய புல்லட்டின் நான்கு கியர் பெட்டி தனிப்பெட்டி ஆகும். லீவர் வலப்பக்கம் இருந்தது. முதல் கியர் மேல்நோக்கி, மற்றவை கீழ்நோக்கி. நியூட்ரலுக்கென்றே தனிச் சிறு நெம்புகோல் ஒன்றும் உண்டு. முதல் கியர் தவிர எந்தக் கியரிலிருந்தும் அதை மிதித்து நியூட்ரலை அடையலாம். பொய் நியூட்ரலுக்குப் பெயர்போன பெட்டி இது. எனினும், மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் சரிசெய் தகட்டைச் சற்று நகர்த்தினாலே பல வண்டிகளில் குறை தீர்ந்துவிடும். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை என்பது அதன் பெருமை. பின்னர் வந்த ஒருங்கிணைந்த எஞ்சின்களில் இவ்வசதி இல்லை.

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட இரு வீச்சு வண்டியான யமஹா ஆர்எக்ஸ் 100, உள்நாட்டு மண்தடப் பந்தயங்களில் நீண்டகாலம் ஓடியது. உறை நடுவே பிளவுபடும் அமைப்பு ஆதலால் அதன் ஃபோர்க்கைத் தொட எஞ்சினைக் கீழே இறக்கியாக வேண்டும். 2016இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஆகியவற்றிலும் நிலை அதுவே. பழைய வண்டிகளுக்கு உதிரிப்பாகம் தேடுவோர் சென்னையில் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் செல்வது வழக்கம். பயன்படுத்திய பற்சக்கரத்தை வாங்குகையில் பற்களை மட்டும் பார்ப்பது போதாது. பக்கவாட்டு முனைப்புகளின் விளிம்பு கூர்மையாக உள்ளதா என்பதையும், ஃபோர்க்கின் நுனியில் நீலம் பாய்ந்த வெப்பக்கறை இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்திய இரு சக்கரங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது பழையதன் தேய்வை விரைவில் ஏற்றுக்கொள்ளும் என்பதால் இணையாகவே மாற்றுகின்றனர்.