மூளை வீக்கமும் மரத்துச் சர்க்கரையும்

எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்பிட்டு வைக்கிறோம். மறுநாள் சாடியில் நீர் நிற்கிறது. அது நாம் ஊற்றிய நீரன்று. பழத்திலிருந்து உப்பு இழுத்த நீர். தலையில் பலமாக அடிபட்டவருக்கு ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஒரு மருந்தும் இவ்வேலையைத்தான் செய்கிறது.

கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு அப்படியன்று. உள்ளே மூளை வீங்கினால் அழுத்தம் ஏறும். இரத்த ஓட்டம் குறையும். மூச்சை நடத்தும் அடிமூளை நசுங்கும். மண்டையைத் திறக்காமல் இதைத் தணிக்க வழியுண்டா?

1919இல் அமெரிக்காவில் வீட், மெக்கிபன் என்ற இருவர் பூனைகளின் இரத்தத்தில் செறிந்த உப்புநீரை ஏற்றினர். மூளை சுருங்கியது. காய்ச்சி வடித்த நீரை ஏற்றினர், வீங்கியது. ஆனால் அது நோயாளிக்கு நல்ல மருந்தாக வர நெடுங்காலம் ஆயிற்று. 1956இல் யூரியாவைப் பயன்படுத்திப் பார்த்தனர். யூரியாவோ மெல்ல மூளைக்குள்ளும் புகுந்துவிடும். தணிந்த அழுத்தம் மறுபடி ஏறும். 1962வாக்கில் மானிட்டால் அதன் இடத்தைப் பிடித்தது.

மானிட்டாலின் பூர்வீகம் நமக்குப் பழகிய தொழிலை நினைவூட்டும். நாம் பால்மரம் சீவுவது போலவே, சிசிலித் தீவில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி இனிப்புச் சாற்றை எடுப்பார்கள். அதிலிருந்து இச்சர்க்கரையை 1806இல் பிரித்தவர் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலார். இன்று ஆலைகளில் செய்கிறார்கள்.

இது மூளைக்குள் எளிதில் புகாது. இரத்தத்தில் நின்று மூளையின் நீரை இழுத்து, சிறுநீரோடு வெளியேறும். நோயாளியின் சிறுநீர்ப் பை விரைவாக நிறைவதைக் கண்டு உறவினர் பதறுவதுண்டு. மருந்து வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

ஆனால் உறைந்த இரத்தக் கட்டியை இது கரைக்காது. அறுவைக்குச் சில மணி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். 1985இல் பாலம் திறக்கும்வரை செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து ஃபெர்ரியில் கடலைக் கடந்து வந்த நமக்கு அந்தச் சில மணி நேரத்தின் அருமை தெரியும்.

எல்லா வீக்கத்துக்கும் இது உதவுவதுமில்லை. காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் நம் முன்னோர் பலரை மலேரியா கொண்டுபோயிற்று. அக்காய்ச்சல் மூளையைத் தாக்கும்போது மானிட்டால் காக்குமா என்று ஒரிசாவின் ரூர்கேலாவில் சோதித்து, முடிவை 2011இல் வெளியிட்டனர். மருந்து பெற்றவர்களுக்கு நினைவு திரும்பத்தான் அதிக நேரம் பிடித்தது. மலேரியா மயக்கத்துக்கு இப்போது அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.